சத்தம் போடுகிற விசிறியாகக் கொடு

சென்னை ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் விசிறி வாங்கியவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். அதைத் தேர்ந்தெடுத்தவன் நான் ஒருவன்தான்.

மறுநாள் காலை வாயிற்கூட்டம். எங்கள் சங்க அலுவலகத்துக்கு எதிரே உள்ள இரும்பு வார்ப்பு ஆலையின் உலைக்கூடத்துக்கு மின்விசிறி கேட்டுப் போராட்டம். மாலைக்குள் நோட்டீஸ் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். எங்கள் சங்கத்துக் கம்ப்யூட்டரோ நாலு வரி அடிப்பதற்குள் சூடாகி அணைந்துவிடும். பிராசஸர் மேலிருந்த விசிறி செத்துவிட்டது. வேறு விசிறியும் அதைத் தாங்கிச் சூட்டை வாங்கிக்கொள்ளும் ஹீட்சிங்கும் வாங்கிவந்து நானே பூட்டினேன். அந்த வரலாற்றை, நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்த தோழர் பூங்கோதைக்கும் டீயோடு வந்த லேத் ஆபரேட்டர் எத்திராஜுக்கும் சொன்னேன்.

"கடைக்காரன் ஒன்றை எடுத்து, 'சத்தமே வராது சார்' என்றான். சத்தம் போடாதவனை நம்பிக் கெட்ட இயக்கம் இது. சத்தம் போடுகிற விசிறியாகக் கொடு என்றேன். ஏழு வண்ணத்தில் விளக்கெரிகிற ஒன்றைக் காட்டினான். அது கூட்டணிக்காரர்களுக்கு, எனக்குச் சிவப்பு மட்டும் எரிந்தால் போதும் என்றேன்."

"அப்புறம்?" என்றார் எத்திராஜ், டீயை ஊதிக்கொண்டே.

"சுற்றவிட்டுப் பார்த்தேன். தெருவிலிருந்த போர்டெல்லாம் பிய்த்துக்கொண்டு போயின. போலீஸ்காரர் தொப்பி எழும்பூரில் இறங்கியது."

"டிக்கெட் எடுத்துச்சா தோழர்?"

விஷயம் தெரியாதவர்களின் கேலியை நான் பொருட்படுத்துவதில்லை.

"அம்பத்தூருக்கு மின்சார ரயிலில் வந்தேன். வில்லிவாக்கத்தில் கரண்ட் போய்விட்டது. விசிறியைக் கடைசிப் பெட்டியின் ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். ரயில் கிளம்பிவிட்டது!"

"வயரை எதுல சொருகுனீங்க?"

"குறுக்கே பேசாதே எத்திராஜ். என்னோடு மறியலில் கைதானவர்கள் இன்று ஏசி காரில் போகிறார்கள். அந்த ஏசியெல்லாம் இந்த விசிறியின் கால் தூசு பெறாது. பூட்டி ஓடவிட்டேன், குளிர் தெருவைத் தாண்டி ஆலைக்குள் போய்விட்டது. உலையில் கொதித்த இரும்பு குல்பி மாதிரி உறைந்துவிட்டது. மேனேஜர் பல் கிட்டிக்கொண்டு ஓடிவந்து, சங்கக் கொடியைப் போர்த்திக்கொள்ளக் கொடுங்கள் என்று கெஞ்சினார். உறுப்பினருக்குத்தான் கொடி என்று திருப்பி அனுப்பிவிட்டேன்."

அந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் அணைந்தது. பாதி நோட்டீஸும் போச்சு.

பூங்கோதை ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். ஹீட்சிங்கைக் கழற்றி அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். கண்ணாடி போல ஒரு பிளாஸ்டிக் ஸ்டிக்கர்.

"இதைப் பிரிச்சிட்டுப் பூட்டணும்னு மேலயே எழுதியிருக்கே தோழர். இது நடுவுல இருந்தா பிராசஸர் சூடு ஹீட்சிங்குக்கு எப்படி ஏறும்?"

"பார்த்தேன். ஒட்டியதைக் கிழிப்பது கருங்காலி வேலை. எதிரியின் போஸ்டரைக்கூட நான் கிழித்ததில்லை."

"அது போஸ்டர் இல்ல தோழர்" என்றார் எத்திராஜ்.

பூங்கோதை அதை உரித்தெடுத்தார். விசிறியோடு வந்த, சூடு கடத்தும் பசையில் மிச்சமிருந்ததைத் தடவி மறுபடி பூட்டினார். விசிறி இரைந்தது. சிவப்பு எரிந்தது. போன வரிகளையெல்லாம் திரும்ப அடித்து, கடைசி வரிக்கும் வந்துவிட்டார். கம்ப்யூட்டர் அணையவில்லை.

"பார்த்தாயா எத்திராஜ்? யார் தேர்ந்தெடுத்த விசிறி!"

எத்திராஜ் டீயை உறிஞ்சினார். பூங்கோதைதான் திரும்பினார்.

"தோழர், அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். உலைக்கூடம்தான் உறைஞ்சு போச்சே. 'மின்விசிறி வேண்டும்'ங்கிறதை 'கம்பளி வேண்டும்'னு மாத்திடவா?"

இருவரும் என் முகத்தையே பார்த்தார்கள். ஜன்னல் வழியே உலையின் அனல் அடித்துக்கொண்டிருந்தது. துண்டை எடுத்துக் கழுத்து வியர்வையைத் துடைத்தேன்.

"இருக்கிறபடியே அனுப்பும்மா" என்றேன்.