சடையனின் கழுத்து மணி

கானாற்றங்கரையில் சடையன் என்றொரு எருமைக்கடா இருந்தான். நீந்தத் தெரியாத பிராணிகளை முதுகில் ஏற்றி அக்கரை சேர்ப்பது அவன் தொழில். அந்தத் தொழில் செய்யக் கழுத்தில் மணி வேண்டும். மணியைக் கட்டிவிடுவதும் கழற்றுவதும் காட்டுக்கு நீதி சொல்லும் பெரியநாயகி யானையின் பொறுப்பு. மணி இல்லாத முதுகில் யாரும் ஏறக் கூடாது என்பது அங்கே சட்டம்.

சடையன் நல்லவன்தான், பங்குனி பிறக்கும் வரை. பங்குனியில் இலுப்பைப் பூ உதிர்ந்து, பாறைக் குழித் தண்ணீரில் விழுந்து புளிக்கும். அதில் வாய் வைத்தால் சடையனுக்கு வாயை எடுக்கத் தெரியாது.

அப்படி வயிறு முட்டக் குடித்த ஒரு காலையில், முயலம்மாவையும் அவள் குட்டியையும் ஏற்றிக்கொண்டு ஆற்றில் இறங்கினான். நடு ஆற்றில் அவனுக்கு அக்கரை இரண்டாகத் தெரிந்தது. இரண்டில் இல்லாத கரையைப் பார்த்து நீந்தினான். சுழலில் தடுமாறியதில் குட்டி தண்ணீரில் விழுந்தது. நீர்நாய் ஒன்று பாய்ந்து கவ்வியதால் உயிர் பிழைத்தது. ஆனால் பாறையில் மோதிப் பின்னங்கால் முறிந்துவிட்டது.

விசாரிக்க யானை அனுப்பிய கீரி வந்து சடையனின் வாயை முகர்ந்து பார்த்தது. இரண்டு தும்மல் போட்டது. வேறு சாட்சி தேவைப்படவில்லை.

"அடுத்த பங்குனி முடியும் வரை பூவைத் தொடாமல் இரு. பிறகு வந்து மணியைக் கேள்!" என்று சொல்லி யானை மணியைக் கழற்றிவிட்டது.

சடையனுக்குப் பொறுக்கவில்லை. "குடிச்சது நான்தான், ஒத்துக்கறேன். ஆனா குட்டியைத் தள்ளினது ஆறு! ஆத்துக்கு என்ன தண்டனை?" என்று கரையெல்லாம் புலம்பித் திரிந்தான்.

"அந்தப் பூவை விட்டுத் தொலைங்களேன்!" என்றாள் அவன் பெண்டாட்டி.

"மணி போன துக்கத்துல இருக்கேன். இப்பப் போய்ப் பூவையும் விடச் சொல்றியே!"

பூவை விடுவதைவிட வக்கீலைப் பிடிப்பது அவனுக்குச் சுலபமாகப் பட்டது. அக்கரையில் வசிக்கும் வேதாசலம் என்ற நரிக்கு ஆள் அனுப்பினான். சில நாள் வெயிலில் ஆறு வற்றியிருந்ததால், நரி முழங்கால் தண்ணீரில் நடந்தே ஆற்றைத் தாண்டி வந்தான்.

"மணி உன் கழுத்துக்கு வந்தாச்சுன்னு வெச்சுக்கோ! ஆனா ஒண்ணு. நான் சாகிற வரைக்கும் என்னைச் சும்மா ஏத்திக்கிட்டுப் போகணும்!"

"உங்களுக்கில்லாத முதுகா, வக்கீலண்ணே!"

அன்றே துறையை ஒட்டிய மருத மரத்தடியில் வழக்கு மறுபடி நடந்தது. மலையில் இடி இடித்தது. நரி அதைவிட உரக்கப் பேசினான்.

"அம்மா! என் கட்சிக்காரர் உடம்பைப் பாருங்க. இந்த உடம்புக்கு நாலு வாய் பூத்தண்ணி எந்த மூலைக்கு? உண்மையில் அது உள்ளே போனாத்தான் இவருக்குக் கால் நிதானத்துக்கு வரும்! கீரிக்கோ அன்னிக்கு ஜலதோஷம். அந்த ரெண்டு தும்மலே அத்தாட்சி!"

குரங்குகள் கை தட்டின. கரடி ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியது. எல்லாம் அந்தக் குழியில் ஒரு வாய் வைப்பவைதானே! கால் முறிந்த குட்டியை அணைத்தபடி ஓரமாக நின்ற முயலம்மாவை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

யானை கீரியைக் கூப்பிட்டு, "அன்று உனக்கு ஜலதோஷமா?" என்று கேட்டது.

கீரி பொய் பேசாத பிராணி. "லேசா இருந்துச்சும்மா" என்றது.

போதாதா! சந்தேகத்தின் பலன் சடையனுக்குப் போயிற்று. மணியும் கழுத்துக்கு வந்தது. அவன் நேராகப் பாறைக் குழிக்குப் போய் வெற்றியைக் கொண்டாடிவிட்டுத் துறைக்கு வந்தான்.

அதற்குள் மலையில் பெய்த மழை ஆற்றுக்கு வந்துவிட்டது. முழங்கால் தண்ணீர் இப்போது மரத்தைப் புரட்டிக்கொண்டு ஓடியது. அக்கரையில் நரியின் மனைவியும் குட்டிகளும் ஊளையிட்டு அவனைக் கூப்பிட்டார்கள்.

"முதல் சவாரி உங்களுக்குத்தான், வக்கீலண்ணே! ஏறுங்க!" என்றான் சடையன்.

நரி கிட்டே போனான். வாசனை குப்பென்று அடித்தது. இரண்டடி பின்னால் வந்தான்.

"வேணாம் சடையா. நான் மலையைச் சுத்திப் போய்க்கறேன்."

"அது மூணு நாள் நடையாச்சே!"

"பரவாயில்லை. நடந்தா உடம்புக்கு நல்லது."

முயலம்மா முன்னால் வந்தாள். "ஏன் சாமி? குடிச்சாத்தான் அவர் கால் நிதானமா இருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

நரிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "புத்தி இருக்கா உனக்கு? அது வாதம்! இது வெள்ளம்! எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு!"

முயலம்மா தன் குட்டியைக் குனிந்து பார்த்தாள்.

"நீங்களுமா என்னை நம்பலை, அண்ணே?" என்றான் சடையன். நரி மலைப் பக்கம் நடந்தான்.

சடையன் குரங்குகளைப் பார்த்தான். அவை மரத்தின் உச்சிக்குத் தாவின. கரடியைப் பார்த்தான். அது தன் காலில் முள்ளைத் தேடியது. கடைசியில் அவனே யானையின் முன் போய்த் தலையைக் குனிந்து நின்றான். யானை மணியைக் கழற்றிக்கொண்டது.

குடித்தவனுக்காகப் பேச ஊரே வரும். அவனை நம்பி ஏற ஒருவனும் வரமாட்டான் என்றால், தீர்ப்பு அப்போதே சொல்லியாகிவிட்டது.