ஊசி வேண்டாம் என்ற தலைவர்

பேட்டையையே அதட்டி வைத்திருந்த தலைவர் கோட்டைச்சாமி, வீங்கிய கன்னத்தோடு பல் டாக்டர் பூங்கோதையின் நாற்காலியில் சாய்ந்தார். அவருடைய ஆட்கள் கதவுக்கு வெளியே நின்றார்கள்.

“பல்லை எடு. ஊசி போடக் கூடாது, வலிக்கவும் கூடாது. வலிச்சுதோ, நாளைக்கே உன் கிளினிக்குக்குப் பூட்டு!”

ஆனால் தட்டிலிருந்த ஊசியைப் பார்த்ததும் தலைவர் கண்ணை இறுக மூடிக்கொள்ள, பூங்கோதைக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“ஆகட்டும் தலைவரே. ஊசிக்குப் பயந்து அழுற பிள்ளைங்களை நாலு பேர் அமுக்கிப் பிடிச்சுக்குவாங்க. உங்க ஆளுங்களையே உள்ளே கூப்பிடட்டுமா?”

“ஐயையோ, அவனுங்க வேணாம்! ஊசியே போடும்மா!”

பல் நோகாமல் வந்தது. தலைவர் பஞ்சைக் கடித்தபடியே வெளியே போய் ஆட்களிடம் மார்தட்டினார்.

“ஊசி போட டாக்டரம்மாதான் பயந்துச்சு. நான்தான் தைரியம் சொல்லிப் போட வச்சேன்!”