கிணற்றடி வரை

“அம்மா, இது ஒட்டியிருக்கா, விட்டுப்போச்சான்னு நீங்கதான் சொல்லணும்” என்றார் தணிகாசலம்.

இடது முட்டியைக் காட்டினார். தொடையின் நடுவிலிருந்து கெண்டைக்கால்வரை கறுப்புப் பட்டை ஒன்று இறுக்கிக் கட்டியிருந்தது.

அரசி அம்மாள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

“நான் என்ன ஸ்கேன் மிஷினா?”

குன்றின் அடிவாரத்தில் இருக்கும் அந்த மடத்தில் ஓட்டம்தான் வழிபாடு. மணி இல்லை, பூசை இல்லை. வெறுங்காலோடு குன்றைச் சுற்றி ஓடுவார்கள். அமாவாசையன்று விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஓடுவார்கள். அன்று அமாவாசை.

மடத்தின் தலைவியான அரசி அம்மாளுக்கு நாற்பது சொச்சம் வயது. தணிகாசலம் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் அவளிடம்தான் ஓடக் கற்றார். நூறு கிலோமீட்டர் மலையோட்டம் முடித்து வந்தாலும் முதலில் அவள் காலில்தான் விழுவார்.

இந்த முறை விழ முடியவில்லை. நின்றபடியே கும்பிட்டார்.

“யார் கூட்டிட்டு வந்தாங்க?”

“நானேதாம்மா வந்தேன்.”

“ஆமா. நானும் ஆட்டோவும் சும்மா வேடிக்கை பார்க்க வந்தோம்” என்றாள் அவர் மனைவி சுகுணா. வாசலை ஒட்டிய புங்க மரத்தடியில், ஒரு பொட்டலம் வறுத்த கடலையோடு உட்கார்ந்திருந்தாள்.

அரசி அம்மாள் சிரித்தாள். பிறகு அவர் கக்கத்தில் இருந்த ஊன்றுகோல்களைப் பார்த்தாள்.

“இது ரெண்டும் இப்பதான் கடையிலேருந்து வந்த மாதிரி இருக்கே. அடி ரப்பர்ல ஒரு மண்ணு ஒட்டல.”

 கோல்களைக் குடைபோல இடுக்கிக்கொண்டு, ஒற்றைக் காலில் நொண்டித்தான் தணிகாசலம் வந்திருந்தார்.

“டாக்டர் என்ன சொன்னார்?”

“முட்டி ஜவ்வு கிழிஞ்சதைத் தைச்சிருக்கார். அது ஒட்டுற வரைக்கும் காலை ஊனவே கூடாதாம். திரும்பக் கிழிஞ்சா ஜவ்வையே வெட்டி எடுத்துடணுமாம்.”

“எடுத்தா?”

“ஓட்டத்தை மறந்துடணும்.”

வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“போன வாரம் குளியலறையில வழுக்கி உட்கார்ந்துட்டேன். எழுந்திருக்கும்போது இந்தக் காலை ஊனிட்டேன். உள்ள ஒரு சத்தம் கேட்டுச்சு.”

“என்ன மாதிரி?”

“காய்ஞ்ச சுள்ளி ஒடியுற மாதிரி.”

“டாக்டர்கிட்ட சொன்னீங்களா?”

“இல்ல.”

“சுகுணாகிட்ட?”

“இல்லம்மா. சொன்னா இழுத்துட்டுப் போய் ஸ்கேன் எடுக்க வச்சிடுவா. எடுத்தா தெரிஞ்சிடும்.”

“கூப்பிட்டிருந்தா அவளே தூக்கி விட்டிருப்பாளே.”

தணிகாசலத்துக்கு அந்தப் பேச்சு விசித்திரமாக இருந்தது. இவளுக்கா தெரியாது?

“ஓட்டத்துல யார் கையையும் பிடிக்கக் கூடாதுல்லம்மா. விழுந்தா நாமே எழுந்துக்கணும். பிடிச்சா அது செல்லாது.”

“குளியலறையில ஓட்டம் வச்சது யாரு?”

புங்க மரத்தடியில் கடலைத் தோல் ஊதும் சத்தம் கேட்டது.

“பழகிடுச்சும்மா” என்றார் மெதுவாக. “நீங்க ஒருதடவை முட்டியில கை வச்சு ஆசீர்வாதம் பண்ணுங்க. எனக்கு அது போதும்.”

“என் கை ஊசியா, நூலா? உட்காருங்க.”

முற்றத்தின் நடுவில் இடுப்புயரப் பாறை ஒன்று உண்டு. அதில் அவரை உட்கார வைத்தாள். ஊன்றுகோல்கள் இரண்டையும் வாங்கினாள். முற்றத்தின் மறுகோடிக்கு நடந்துபோய்க் கிணற்றுச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

“நான் ஓடப் போறேன். நீங்க அதைப் போய் எடுத்துக்கிட்டு, போக வேண்டிய இடத்துக்குப் போங்க. ஒண்ணே ஒண்ணு. இடது கால் தரையில படக் கூடாது.”

“நொண்டிக்கிட்டே போயிடவா?”

“விழுவீங்க. கூடாது.”

“தவழ்ந்து?”

“முட்டி மடங்கும். கூடாது.”

“அப்புறம் எப்படிம்மா?”

அவள் திரும்பினாள். வாசலைப் பார்த்துச் சொன்னாள்.

“சுகுணா, அவர் கூப்பிடாம நீ வரக் கூடாது.”

“அவராவது, கூப்பிடுறதாவது.”

“அப்ப உனக்கு இன்னிக்கு ஓய்வு” என்று சொல்லிவிட்டு, ஓடுகிறவர்களோடு கலந்து குன்றின் வளைவில் மறைந்தாள்.

தணிகாசலம் கிணற்றைப் பார்த்தார்.

எத்தனையோ மலைகளை ஏறி இறங்கியவர். இந்தத் தூரத்தை ஒரு காலத்தில் மூச்சு விடுவதற்குள் கடந்திருப்பார். இது சோதனை என்று அவருக்குப் புரிந்தது. சோதனை என்றால் தாங்க வேண்டும். தாங்குவது அவருக்குத் தெரிந்த தொழில்.

உட்கார்ந்தே இருந்தார்.

குன்றை ஒருமுறை சுற்றிவர, உலை வைத்துச் சோறு வடிக்கும் நேரம் ஆகும். சுற்றின் பாதை முற்றத்தின் ஓரமாகத்தான் போகும். முதலில் வந்தவர்களில் ஒருவன் வேகத்தைக் குறைத்தான்.

“அண்ணே, மோர் கொண்டாரவா?”

“வேணாம்ப்பா. நீ ஓடு.”

பின்னால் அரசி அம்மாள் வந்தாள்.

“வெயில் ஏறுதே, ஓட்டக்காரரே.”

“தாங்கிக்குவேம்மா.”

“அது உங்களுக்கு வராததா?”

சொல்லிக்கொண்டே போய்விட்டாள். பாராட்டாகத்தான் அவர் எடுத்துக்கொண்டார்.

வெயில் பாறைக்கு வந்தது. பாறை சுட ஆரம்பித்தது. நாக்கு வறண்டது. பட்டைக்குள் வியர்வை இறங்கி, தையல் போட்ட இடம் அரித்தது. அவர் அசையவில்லை. இதைவிடப் பெரிய தாகத்தோடு இரவெல்லாம் ஓடியிருக்கிறார். கால் நகங்கள் கழன்று விழ ஓடியிருக்கிறார். வலி வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று அதைப் பக்கத்தில் ஓடவிட்டுத் தன் பாட்டுக்கு ஓடியவர். அப்படி ஓடித்தான் ஜவ்வும் கிழிந்தது. முதல் நாள் வலித்தபோது நின்றிருந்தால் சும்மா சரியாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

மறுசுற்றில் அரசி அம்மாள் நின்றாள். மூச்சு வாங்கவில்லை அவளுக்கு.

“எதுவரைக்கும் உட்காருவீங்க?”

“நீங்க சொல்ற வரைக்கும்மா. பொழுது சாயுற வரைக்கும்கூட.”

“உட்காருவீங்க. நாளைக்கும் உட்காருவீங்க. அதுதான் எனக்குக் கவலை.”

போய்விட்டாள்.

இது பாராட்டில்லை.

தணிகாசலம் புங்க மரத்தைப் பார்த்தார். சுகுணா வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு குரல் கொடுத்தால் போதும். கொடுத்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. வானம் இடிந்து விழாது. ஓட்டம்கூட இல்லை இது, செல்லாமல் போவதற்கு. ஒன்றும் ஆகாதென்றால் இத்தனை வருடம் எதைக் காப்பாற்றி வந்தோம்? ஒருவேளை அந்தக் கேள்விக்குத்தான் பயப்படுகிறோமோ?

அப்பாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பும்போது மைத்துனன் தோளில் கை போட வந்தான். தட்டிவிட்டார். அறுவைச் சிகிச்சை முடிந்த மறுநாள் நர்ஸ் கை நீட்டினாள். அதையும் விலக்கினார். உறுதி என்றுதான் அப்போது நினைத்தார். இப்போது, கொதிக்கும் கல்லின்மேல் உட்கார்ந்து யோசிக்கையில், அதற்கு வேறு பெயர் ஏதாவது இருக்குமோ என்று தோன்றியது.

ஓடுகிறவர்கள் எல்லாரும் குன்றுக்கு அப்பால் இருந்தார்கள். பாதை வெறிச்சென்று கிடந்தது.

யாரும் பார்க்கவில்லை. ஒருமுறை ஊன்றினால் என்ன? உடைந்திருந்தால் ஏற்கெனவே உடைந்ததுதானே.

பாறையைக் கையால் பற்றிக்கொண்டு இடது காலை மெல்ல இறக்கினார். பெருவிரல் மண்ணைத் தொடப் போனது.

மரத்தடியில் சுகுணா எழுந்துவிட்டாள்.

எழுந்தவள் வரவில்லை. கத்தவும் இல்லை. ஒரு கையைப் பாதி உயர்த்தி, தலையைச் சற்றுச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புதிதாகப் பதறி எழுந்தவள் நிற்கும் விதமில்லை அது. அப்படி நின்று நின்று பழகியவள் நிற்கும் விதம்.

தணிகாசலம் காலை மேலே இழுத்துக்கொண்டார்.

வெகுநேரம் அவளையே பார்த்தார்.

“சுகுணா.”

முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது. எச்சிலை விழுங்கிவிட்டு மறுபடி கூப்பிட்டார்.

“சுகுணா!”

“தண்ணியா?” என்றாள் அங்கிருந்தே.

“இல்ல.”

“பின்ன? துண்டா?”

“இல்ல. இங்க வா. கொஞ்சம் கை குடு.”

அவள் உடனே வரவில்லை. கையில் இருந்த கடலைத் தோலை உதறினாள். உள்ளங்கையைப் புடவையில் துடைத்தாள். பிறகு வந்தாள். ஓடி வரவில்லை, நடந்தே வந்தாள்.

பாறையருகே வந்ததும் அவர் சொன்னார்.

“இரு. அதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். போன வாரம் நான் குளிக்கப் போனப்ப...”

“சத்தம் கேட்டுச்சு” என்றாள்.

“உனக்கு எப்படி?”

“கதவுக்கு வெளியிலதான நின்னேன்.”

“அன்னிக்கா?”

“தினமும்தான். நீங்க உள்ள போய்த் தாழ் போட்டதும் வந்து நிப்பேன். வெளிய வர்ற சத்தம் கேட்டதும் அடுப்படிக்குப் போயிடுவேன்.”

“விழுந்த சத்தம் கேட்டும் ஏன் கூப்பிடல?”

“நீங்க கூப்பிடலையே.”

அவர் முட்டியைப் பார்த்தார். அவளும் அதைத்தான் பார்த்தாள்.

குன்றைச் சுற்றிக்கொண்டு காலடிகள் நெருங்கி வந்தன. அரசி அம்மாள் இவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. காலடிகள் கடந்து போயின. பிறகு கேட்கவில்லை.

“ஒட்டாமப் போயிருந்தா?” என்றார்.

“போயிருந்தா போயிருக்கும்.”

“அப்புறம் ஓட முடியாது, சுகுணா.”

“தெரியும்.”

“ஆட்டோ நிக்குதா?”

“நிக்குது.”

“கோலை எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்டப் போலாம்.”

“ம்.”

அவள் பக்கத்தில் வந்து, முதுகைச் சற்று வளைத்துத் தோளைக் கொடுத்தாள். அவர் விரல்நுனிகளை அதன்மேல் வைத்தார், பேருந்தில் முன்பின் தெரியாதவர் இருக்கையைத் தொடுவதுபோல.

“இப்படி வச்சா எப்படி? சாயுங்க.”

சாய்ந்தார்.

“இன்னும்.”

பாறையைப் பற்றியிருந்த கையை விட்டார். இடது கால் தரைக்கு மேலே தொங்கியது. அவருடைய எல்லாப் பாரமும் அவள்மேல் இறங்கியது. சுகுணா ஒரு கணம் தள்ளாடினாள். பாதத்தை அகட்டி வைத்து நிலைகொண்டாள்.

“இவ்வளவு கனமா நீங்க?” என்றாள்.