மாற்று நபர்

"நான் போட்ட திட்டத்தை நாலாவது தடவையா திருப்பி அனுப்பிட்டீங்க டீச்சர். என்ன குறைன்னு வாயைத் திறந்து சொன்னாத்தானுங்க தெரியும்?"

கேட்டவர் திருமேனி. வயது ஐம்பத்திரண்டு. ஈரோட்டில் ஒரு டயாலிசிஸ் சென்டரின் கம்ப்யூட்டர்கள் எல்லாம் அவர் பொறுப்பு.

டீச்சர் சபியாவுக்கு முப்பத்து மூன்று. சர்வர், நெட்வொர்க் எல்லாம் எப்படி அமைக்க வேண்டும் என்று கம்பெனிகளுக்குத் திட்டம் போட்டுத் தருபவர். சனிக்கிழமைகளில் திருமேனிக்குச் சொல்லித் தருவார். சொல்லித் தருவார் என்பது ஒரு பேச்சுக்குத்தான். பாதி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்.

"ரெண்டு சர்வர் போட்டிருக்கேன். ரெண்டு இன்டர்நெட். கரண்ட் போனா பேட்டரி, பேட்டரி போனா ஜெனரேட்டர். டேட்டா பூராவும் பூட்டி வச்சிருக்கேன். இதுக்கு மேல என்னங்க பண்றது?"

"பாஸ்வேர்டு எங்க இருக்கு?"

"என் தலைக்குள்ளதானுங்க. ஒரு பயலும் திருட முடியாது."

சபியா திட்டத்தை மூடி வைத்தார்.

"பேத்தியைப் பார்த்துட்டு வந்துட்டீங்களாண்ணா?"

மருமகள் பிரசவத்துக்கு நாகர்கோவிலில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போனவள். குழந்தை பிறந்து மூன்று மாதம். பெயர் வைக்கிற விசேஷத்துக்குத் திருமேனியும் கிளம்பினார். ரயில் கரூர் போய்ச் சேர்வதற்குள் சென்டரிலிருந்து போன். அங்கேயே இறங்கித் திரும்பிவிட்டார்.

"எங்கீங்க டீச்சர். நான் நகர்ந்தா சென்டர் நின்னு போயிருமுங்க."

குரலில் வருத்தம் இருந்தது. கொஞ்சம் பெருமையும் இருந்தது. மறைக்கத் தெரியாத மனிதர்.

"நாளைக்கு ஞாயிறு, சென்டர் லீவுதானே. நான் வர்றேன்" என்றார் சபியா.


மறுநாள் சென்டரில் மூன்றே பேர். மூன்றாவது ஆள் பூங்கொடி. டயாலிசிஸ் மிஷின்களை ஓட்டுகிற பெண்.

"போனைக் கொடுங்கண்ணா."

கொடுத்தார். சபியா அதை அணைத்துத் தன் பைக்குள் போட்டார்.

"இப்ப நீங்க இங்க இல்ல. அந்த நாற்காலியில உட்காருங்க. பேசக் கூடாது."

பிறகு மெயின் சர்வரை நிறுத்தினார்.

இரண்டாவது சர்வர் தானாகவே ஓட ஆரம்பித்தது. திருமேனிக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

திரை பாஸ்வேர்டு கேட்டது.

பூங்கொடி விழித்தாள். சபியா சுவரைக் காட்டினார். கோளாறு வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற பட்டியல் அங்கே இருந்தது. திருமேனியே டைப் அடித்து ஒட்டியது.

"முதல் நபர், திருமேனி" என்று படித்துவிட்டுக் கூப்பிட்டாள். போன் அணைக்கப்பட்டிருப்பதாகக் குரல் வந்தது.

"மாற்று நபர்..." என்றவள் தயங்கினாள். "சார், இது உங்க ரெண்டாவது சிம் நம்பருங்களே?"

ஒரே போனில்தான் இரண்டு சிம்மும். இரண்டும் சேர்ந்து சபியாவின் பைக்குள் கிடந்தன.

சபியா பூங்கொடியிடம் கேட்டார். "நாளைக்கு முதல் ஷிப்ட்ல யாரு?"

"பெரியசாமி தாத்தாங்க. அவருக்கு ஒரு ஊசி ஒத்துக்காது."

"எந்த ஊசி?"

"கம்ப்யூட்டரைப் பார்த்தாத்தானுங்க தெரியும்."

திருமேனி எழுந்துவிட்டார். "நான் அடிக்கறனுங்க டீச்சர், ரெண்டே நிமிஷம்..."

"நீங்க நாகர்கோவில் ரயில்ல இருக்கீங்கண்ணா."

உட்கார்ந்தார். கண் கலங்கிவிட்டது.

"எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்துட்டா அப்புறம் என்னை எதுக்குங்க வச்சிருப்பாங்க? பத்தாவது படிச்சவன் டீச்சர். டிவி ரிப்பேர் கடையில இருந்து வந்தவன்."

பாவம், இத்தனை வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை.

சபியா இன்னொரு நாற்காலியை இழுத்துப் பூங்கொடியின் பக்கத்தில் போட்டார்.

திருமேனி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக எழுந்து வந்து அதில் உட்கார்ந்தார்.

"பேனா வச்சிருக்கியா பூங்கொடி?" என்றார்.


திருமேனி மூன்று ஞாயிறுகள் பூங்கொடிக்குச் சொல்லிக் கொடுத்தார். பாஸ்வேர்டு அரக்கு வைத்த உறைக்குள் சென்டர் டாக்டரின் பீரோவுக்குப் போனது. பட்டியலில் பூங்கொடியின் பெயர் ஏறியது. திருமேனி ரயில் ஏறினார். கரூர் வந்தது, திண்டுக்கல் வந்தது, போன் வரவில்லை.

நாகர்கோவிலிலும் வரவில்லை. இரண்டு நாள் பொறுத்தார். அதற்கு மேல் முடியாமல் அவரே டீச்சரைக் கூப்பிட்டார்.

"ஒரு போன்கூட வரலீங்க. சிக்னல்தான் இல்லையோன்னு மொட்டை மாடிக்கெல்லாம் ஏறிப் பார்த்துட்டேன். சென்டர் ஓடுதுங்களா?"

"நேத்து காலையில மெயின் சர்வர் படுத்துருச்சுண்ணா. பூங்கொடி சரி பண்ணிட்டா. ஒருத்தருக்கும் டயாலிசிஸ் தள்ளிப் போகல."

திருமேனிக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அப்ப என்னை யாரும் தேடலீங்களா?"

"தேடாம என்ன. டயாலிசிஸுக்கு வந்து படுத்தவங்க ஒவ்வொருத்தரும் பூங்கொடிகிட்ட உங்களைத்தான் விசாரிச்சாங்களாம்."

"சர்வர் எப்ப சரியாகும்னுங்களா?"

"இல்லண்ணா. குழந்தை யாரு ஜாடைன்னு."