ஏழு கல் கரடி

கரடி இரண்டு கையாலும் கறையான் புற்றைத் தோண்டிக்கொண்டிருந்தது. நகமெல்லாம் மண். முதுகில் குட்டி. பிறந்ததிலிருந்து அந்தக் குட்டிக்கு அம்மாவின் முதுகுதான் வீடு. தோண்டினாலும் நடந்தாலும் இறங்காது.

புற்றின் அந்தப் பக்கம் எறும்புதின்னி நாக்கை நீட்டி நீட்டிச் சாப்பிட்டது. இரண்டும் ஒரே புற்றில் சாப்பிடுகிற சிநேகிதிகள்.

"என்ன கரடி, இன்னைக்கு எடை பார்க்கப் போகணும்ல?" என்றது எறும்புதின்னி.

"போகணும். நினைச்சாலே பயமா இருக்கு."

பயப்படாமல் என்ன செய்யும்? கரடியின் குகை ஓடைக்கரையில் இருந்தது. பெரிய மழை பிடித்தால் வெள்ளம் உள்ளே வந்துவிடும். மலைமேல் ஒரு நல்ல குகை காலியாகக் கிடந்தது. ஆனால் குட்டி பெற்ற பிறகு கரடிக்கு உடம்பு கனத்துவிட்டது. மாசி மாதம் ஒருநாள் ஏறிப் பார்த்தது. பாதி வழியில் மொட்டைப்பாறை வந்ததுமே மூச்சு முட்டியது. கால் வழுக்கியது. குட்டியோடு உருண்டுவிடப் பார்த்தது. அன்று பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

அப்போது குரங்குதான் ஒரு வழி சொன்னது. குரங்கிடம் தராசு இருந்தது. பாறையின் மேல் குறுக்கே போட்ட நீளமான கட்டை. ஒரு முனையில் எடை பார்க்கிறவர் உட்கார வேண்டும். மறுமுனையில் குரங்குக் கூட்டம் கல்லை உருட்டி ஏற்றும்.

"தங்கச்சி, நீ ஏழு கல் இருக்கே. ஐந்து கல்லுக்கு இறங்கு. அப்புறம் மலையைப் பத்திப் பேசலாம்," என்றது குரங்கு.

கரடி அதை அப்படியே பிடித்துக்கொண்டது. பலாமரத்தடியில் படுத்துக் கிடப்பதை விட்டது. தினமும் அடிவாரம் வரை நடந்தது. வயிறு முட்டத் தின்பதை நிறுத்தியது. மாதம் ஒருமுறை கட்டையில் ஏறி உட்கார்ந்தது. ஒவ்வொரு முறையும் ஏழு கல்தான்.

அன்றும் போய் உட்கார்ந்தது. ஐந்து கல் ஏறியது, கட்டை அசையவில்லை. ஆறு ஏறியது. ஏழாவது ஏறியதும் கட்டை நேராக நின்றது.

"அதே ஏழு," என்றது குரங்கு. "ஏன் தங்கச்சி, நடக்கிறேன்னு சொல்லிட்டுப் போய்ப் பலாச்சுளையோட பேசிக்கிட்டு இருக்கியா?"

கூட்டம் சிரித்தது. நாலு பேர் முன்னால் கரடிக்குப் பேச வராது. "இல்லண்ணே," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கி வந்தது.

புற்றடியில் எறும்புதின்னியைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. "எனக்கு மலை இல்லடி. கீழேயே கிடந்துக்கிறேன்."

"யார் சொன்னது?"

"கல்லு சொல்லுது. ஏழு."

"கல்லைப் பத்தி எனக்குத் தெரியாது. உன் மூச்சைப் பத்தித் தெரியும். முந்தியெல்லாம் நீ ரெண்டு தோண்டு தோண்டிட்டு உட்கார்ந்து புஸ்ஸு புஸ்ஸுன்னு இரைப்பே. என் பக்கத்துக் கறையான் எல்லாம் பறந்துபோகும். இப்போ பத்து நாளா நான் நிம்மதியாச் சாப்பிடுறேன்."

"நீ எனக்காகச் சொல்றே," என்றது கரடி. நம்பவில்லை.

மூன்றாம் நாள் காலையில் மழை பிடித்தது. மத்தியானத்துக்குள் ஓடை பொங்கிவிட்டது.

"அம்மா, தண்ணி," என்றது குட்டி.

கரடி குனிந்து பார்த்தது. தண்ணீர் முழங்காலைத் தொட்டது. கல்லையும் கணக்கையும் நினைக்க நேரமில்லை. "கெட்டியாப் பிடிச்சுக்கோ," என்று சொல்லிவிட்டு மலையில் ஏறியது. ஈரப்பாறை. நகத்தை ஊன்றி ஊன்றி ஏறியது. மொட்டைப்பாறை வந்தால் கொஞ்சம் உட்காரலாம் என்று நினைத்தது. கண்ணில் படவில்லையே என்று திரும்பிப் பார்த்தது. எப்போதோ தாண்டி வந்துவிட்ட மொட்டைப்பாறை கீழே சின்னதாகத் தெரிந்தது!

கரடிக்கு ஒன்றும் புரியவில்லை. மூச்சைக் கவனித்தது. அது பாட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தது.

கரடி மேல் குகைக்குப் போய்ச் சேர்ந்து வாசலில் உட்கார்ந்தது. மழை நின்றதும் எறும்புதின்னி மேலே வந்தது. பின்னாலேயே, நனைந்து நடுங்கியபடி குரங்கும் வந்தது.

"ஏழு கல்லோட எப்படி ஏறினே?" என்றது குரங்கு.

அப்போதுதான் குட்டி முதுகிலிருந்து தொப்பென்று குதித்தது. குரங்கு அதை மேலும் கீழும் பார்த்தது. "இவன் எப்போ இவ்வளவு பெரியவன் ஆனான்? எடை பார்க்கும்போது இவனை எங்கே விடுவே?"

"எங்கேண்ணே விடுறது? முதுகுலதான் இருப்பான். உங்க கூட்டத்தைக் கண்டா என் முடிக்குள்ள ஒளிஞ்சுக்குவான்."

எறும்புதின்னி உருண்டு உருண்டு சிரித்தது. குரங்கு தலையைச் சொறிந்தது. "அப்போ அவன் எடை ஏற ஏற உன் எடை இறங்கியிருக்கு. வா, தனியா உட்கார வச்சு நிறுத்துப் பார்ப்போம்."

"வேண்டாம்ணே," என்றது கரடி. குரங்கின் முன்னால் முதல் முறையாக அதன் குரல் தெளிவாக வந்தது. "என் பிள்ளை வளர்ந்திருக்கான். என் கால் எங்களைக் கொண்டுவந்து சேர்த்திருக்கு. போதும்."

இத்தனை நாள் நம்பாமல் இருந்த கால்களை அது மெதுவாக நக்கிக்கொடுத்தது. பிறகு சிநேகிதியின் பக்கம் திரும்பியது. "நீதான்டி என் மூச்சைக் கவனிச்சுச் சொன்னே. நான்தான் கேக்கலை. உனக்கு நான் எப்படி..."

"அம்மா, இங்கே வாயேன்," என்று குகைக்குள்ளிருந்து குட்டி கூப்பிட்டது. கரடி பாதிப் பேச்சோடு எழுந்து ஓடியது.

தராசு கனத்தை மட்டும்தான் சொல்லும். உடம்பு தேறியதா என்று நம் மூச்சையும் காலையும்தான் கேட்க வேண்டும்.