கடாய்க்குப் போட்ட சங்கிலி

ஓணாம்பாறைத் திருவிழாக் கமிட்டியில் மூன்று பேர். தலைவர் மாசிலாமணி. அவர் சொன்னதற்குத் தலையாட்ட இருளப்பன். இருளப்பன் ஆட்டியதற்குத் தலையாட்ட தவசி. மூன்று தலையையும் கூட்டினால் ஒரு மூளைக்குக் கொஞ்சம் குறையும்.

திருவிழா அன்று காலையில் உணவுப் பாதுகாப்பு அதிகாரி பவளக்கொடி வந்து, கொண்டுவந்த லட்டு ஒன்றில் சோதனை செய்து காட்டினார். லட்டைத் தண்ணீரில் கரைத்து, ஒரு கறுப்புப் பொடியைப் போட்டுக் குலுக்கினார்.

"செயற்கைச் சாயம் இருந்தா இந்தப் பொடி பிடிச்சுக்கும். காந்தம் வச்சா பொடி ஒரு பக்கமா ஒதுங்கும். காந்தத்துல ஒட்டுறதுலதான் சாயம் இருக்கும். அதைத் தனியா எடுத்து வைங்க, சாயங்காலம் வந்து பார்க்கறேன்."

பொடியையும் காந்தத்தையும் கொடுத்துவிட்டு அவர் பக்கத்து ஊருக்குக் கிளம்பினார்.

திருவிழாவில் ஒரே ஒரு ஜிலேபிக் கடை. கடைக்காரர் குருவையா மாவில் கூச்சமே இல்லாமல் சாயம் கொட்டுகிறவர். அவர் ஜிலேபி தின்றவன் வெற்றிலை போடத் தேவையில்லை. கமிட்டியைப் பார்த்ததும் சாய டப்பாவை மாவுச் சட்டிக்குப் பின்னால் தள்ளினார்.

"தலைவரே, திங்கிற பொருள்ல கறுப்புப் பொடியைக் கலந்தா அது கலப்படம்லா?" என்றார் இருளப்பன்.

"பிடிக்க வந்த நாமளே கலப்படம் பண்ணலாமா?" என்றார் தவசி.

தலைவர் தாடியைத் தடவி யோசித்தார். பொடி சாக்கடைக்குப் போனது.

வெறும் காந்தத்தை ஜிலேபியில் வைத்தார்கள். ஒட்டவில்லை. "சுத்தம்" என்றார் தலைவர். குருவையாவுக்குப் போன உயிர் திரும்பியது. அந்த நேரம் பார்த்துக் காந்தம் கை நழுவி, முதல் ஈடு சுட்டுக் கழுவி வைத்திருந்த கடாயில் டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"அடப்பாவி! கடாய் பூராச் சாயம்!"

கடாய் தப்பி ஓடிவிடாமல் கோயில் தூணில் சங்கிலி போட்டுப் பூட்டினார்கள்.

குருவையாவிடம் இருந்ததே அந்த ஒரு கடாய்தான். கடைமுன்னே கூட்டம் நெருக்குகிறது. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னார்.

"அண்ணாச்சி, கடாய் மேல தப்பில்ல. மாவுல சாயம் போட்டது நான்தான்."

"கடாயைக் காப்பாத்தப் பொய் சொல்லுதீரா வேய்?"

"சத்தியமாப் போட்டேன்! இந்தாங்க சாயம்!" என்று பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினார்.

தலைவர் டப்பாவில் காந்தத்தை வைத்தார். "ஒட்டலையே. இதுல ஏது சாயம்?"

குருவையா டப்பாவுக்குள் கையை விட்டு எடுத்துக் காட்டினார். கையிலும் காந்தம் ஒட்டவில்லை. அந்தக் கையாலேயே தலையில் அடித்துக்கொண்டார். நெற்றி செக்கச்செவேல் என்று ஆனது. 'சுத்தமான' ஜிலேபியைத் தின்றுகொண்டே கமிட்டி அவருக்காகப் பரிதாபப்பட்டது.

சாயங்காலம் அதிகாரி வந்தார். குருவையா ஓடிப்போய், "அம்மா, நீங்களாவது என்னை நம்புங்க!" என்று அழுதார். சிவந்த ஒரு நெற்றியையும் சிவந்த மூன்று வாய்களையும் பார்த்த அதிகாரிக்குச் சோதனையே தேவைப்படவில்லை. மாவையும் சாயத்தையும் கொட்டச் சொன்னார். "புது மாவு கரைச்சு, சாயமில்லாம சுடுங்க. இவர் கடாயைக் கொடுத்துடுங்க" என்று திட்டிவிட்டுப் போனார்.

தலைவருக்கு மனசு கேட்கவில்லை. கடைசியாக ஒருமுறை சோதித்தார். கடாய் ஒட்டியது. சங்கிலியும் ஒட்டியது.

"கூட்டுக் களவாணி!" என்றார் இருளப்பன். சங்கிலியைக் கட்ட இன்னொரு சங்கிலி வந்தது. அதுவும் ஒட்டியது.

பித்தளைப் பூட்டு மட்டும் ஒட்டவில்லை. தலைவர் நெகிழ்ந்துபோய் அதைக் கழற்றி, துண்டால் துடைத்து, குருவையா கையில் வைத்தார்.

"சுத்தமான சாமான் வேய். இனிமே இதுல சுடும்."