பொறிவண்டின் மஞ்சள் கண்ணீர்

பூச்சிக்கும் மனுசருக்கும் ஒரே பேச்சாக இருந்த அந்தக் காலத்தில், நஞ்சி என்றொருத்தி மல்பெரித் தோட்டம் வைத்துப் பட்டுப்புழு வளர்த்தாள். ஒரு வருசம் தோட்டத்தில் மாவுப்பூச்சி ஏறிவிட்டது. கொழுந்தெல்லாம் பொரித்த அப்பளம் மாதிரிச் சுருண்டுகொள்ள, உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூச்சி அப்பிக் கிடந்தது. வீட்டில் புழுக்களோ மூன்றாம் முறை தோலுரித்துவிட்டு, தலையைத் தூக்கித் தூக்கி இலை கேட்டன.

அப்போது ஒரு பொறிவண்டு பறந்து வந்து கிளையில் உட்கார்ந்தது. மிளகு அளவுதான் இருக்கும். கறுப்பு உடம்பு, தலை மட்டும் ஆரஞ்சு.

"ஏனக்கா மூஞ்சியைத் தொங்கப் போட்டிருக்கே? எனக்கு உன் இலை வேண்டாம், இந்த மாவுப்பூச்சி போதும். இங்கேயே குடியிருந்துக்கட்டுமா?"

"இரு தாயி, மகராசியா இரு! உன்னைத் தொட்டா என் கை அழுகட்டும்."

இலை பறிக்கும்போதெல்லாம் இரண்டு பேருக்கும் ஓயாத பேச்சுதான். ஒருநாள் நஞ்சி கேட்டாள்: "எண்ணெய் தேய்ச்ச மாதிரிப் பளபளன்னு இருக்கியே, உன் பிள்ளைங்க எப்படி இருக்கும்?"

பொறிவண்டுக்குச் சுருக்கென்றது. அதன் பிள்ளைகள் பார்வைக்கு அசல் மாவுப்பூச்சிதான். உடம்பெல்லாம் வெள்ளைப் பஞ்சு. அந்தக் கோலத்திலேயே பூச்சிக் கூட்டத்துக்குள் புகுந்து முட்டைகளைத் தின்று தீர்க்கும். பெற்றவளுக்கு வரக்கூடாத வெட்கம் பொறிவண்டுக்கு வந்தது.

"என்னை உரிச்சு வச்ச மாதிரிதான் அக்கா" என்று சொல்லிவிட்டது.

நாலு நாள் கழித்துப் பொறிவண்டு பிள்ளைகளைக் கொழுந்துகளுக்குள் விட்டுவிட்டுப் பக்கத்துத் தோட்டம் வரை போயிருந்தது. 'பாவம், அந்தச் சின்ன வயிற்றுக்காரி எத்தனையைத்தான் தின்பாள்? நாமும் ஒரு கை கொடுப்போம்' என்று நஞ்சி சுருண்ட கொழுந்துகளைப் பிரித்தாள். மற்றதைவிடப் பஞ்சு நீண்டு, விறுவிறுவென்று ஊர்ந்தவைதான் முதலில் கண்ணில் பட்டன.

"நீங்கதான் இந்தக் கும்பலுக்குத் தலைவனுங்களா? வாங்கடா!" என்று ஒன்று விடாமல் நசுக்கினாள்.

பொறிவண்டு திரும்பி வந்தது.

"அக்கா, என் பிள்ளைங்களைக் காணோமே?"

"கறுப்பா ஒண்ணையும் பார்க்கலையே தாயி."

பொறிவண்டு அவள் விரல்களையே பார்த்தது. "வெள்ளையா இருந்தாங்க அக்கா."

நஞ்சி விரல்களை முந்தானையில் துடைத்தாள். "ஐயோ, நான் கேட்டேனே தாயி!"

"கேட்டே. நான்தான் பொய் சொன்னேன்."

நஞ்சி அதைத் தேற்ற விரலை நீட்டினாள். விரல் பட்டதுமே பொறிவண்டு ஆறு காலையும் மடக்கி மல்லாந்து விழுந்தது. அழுவதற்கு அந்தச் சின்னக் கண் போதவில்லை. துக்கம் முழங்கால் வழியே மஞ்சளாகக் கசிந்தது. வெகுநேரம் கழித்து எழுந்து, ஒரு சொல் சொல்லாமல் பறந்து போய்விட்டது.

நசுக்கியது போக ஒளிந்திருந்த மாவுப்பூச்சி முட்டைகளெல்லாம் பொரிந்தன. தின்ன ஆளில்லை. பத்தே நாளில் தோட்டம் முழுக்க வெளுத்துப்போக, நஞ்சியின் புழுக்கள் கூடு கட்டும் முன்பே பட்டினியில் சுருண்டு விழுந்தன.

அன்றைக்கு நஞ்சியின் கையில் தொடங்கியதுதான்: இன்றைக்கும் மனுச விரல் பட்டால் பொறிவண்டு காலை மடக்கிச் செத்ததுபோல் விழுந்து, முழங்காலில் மஞ்சளாகக் கசியும், நாம் என்ன கேட்டாலும் பதில் சொல்லாது.